தாங்கல் என்ற சொல்

ஹுமாயூன் சென்னையை ஒட்டிய நூம்பலில் பிறந்தவர். வயல்கள் மனைகளான பிறகு அங்கேயே நிலத்தரகர் ஆனார். ஊருக்குக் கிழக்கே இருந்த ஈச்சந்தாங்கலை மண் கொட்டி மேடாக்கி விற்றபோது, சிவகங்கையிலிருந்து வந்த ராஜகுமாரி பத்திரத்தைப் படித்துவிட்டுக் கேட்டாள்.

"தாங்கல்னா என்னண்ணே?"

"ஊர்ப் பேரும்மா. வேற ஒண்ணும் இல்ல."

அவள் ஊர்ப் பக்கம் ஏரியைக் கண்மாய் என்பார்கள். சின்ன ஏரிக்கு இங்கே தாங்கல் என்று பெயர் இருப்பது அவளுக்குத் தெரியாது. அது தெரிந்துதான் அவர் அப்படிச் சொன்னார்.

மூன்றாவது மழைக்காலத்தில் அவள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. ஹுமாயூன் போய் அவளுடைய குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"நீங்க என்னண்ணே பண்ணுவீக. இங்க தண்ணி நிக்கும்னு உங்களுக்கும் தெரியாதுல்ல," என்றாள் ராஜகுமாரி.

தெரியாது என்று அவர் தலையை ஆட்டினார்.

தெருமுனையில் கயிறு பிடித்து நின்ற சுப்பராயன் அவருடைய பால்ய நண்பர். அவர் சிரித்தார்.

"இன்னா மாமே, இப்டி நடுங்கிகினு வர்றே? நீ நீச்சல் கத்துகினதே இந்தத் தாங்கல்லதானே."

ராஜகுமாரி நின்றுவிட்டாள். பிறகு இரண்டு கைகளையும் நீட்டிக் குழந்தையைக் கேட்டாள். ஹுமாயூன் அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.