முடிச்சில்லாத தையல்

என் முழங்காலை அறுத்துச் சரிசெய்த டாக்டர் குள்ளமானவர். காதோரம் மட்டும் நரைத்திருந்தது. யாரோடும் நின்றுகொண்டு பேச மாட்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

மறுநாளே காலை மடக்கச் சொன்னார்கள். மடக்காவிட்டால் மூட்டு இறுகி, நொண்டித்தான் நடக்க வேண்டுமாம். நான் மடக்கவில்லை. உள்தையலில் முடிச்சே இல்லை என்று வார்டு நர்ஸ் மிஸ்ஸி சொல்லிவிட்டாள். நாற்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போட்ட சட்டையெல்லாம் நானே தைத்தது. முடிச்சில்லாத தையல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

மூன்றாம் நாள் டாக்டர் வந்து உட்கார்ந்தார்.

“முடிச்சுப் போட மறந்துட்டீங்க தம்பி. திரும்பத் தைச்சிடுங்க,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் முழங்காலில் தைத்த அதே மாதிரி நூல் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, என் கைலி ஓரத்தில் நாலு ஓட்டு ஓட்டினார்.

“இப்ப இழுங்கம்மா. நல்லா பலமா.”

இழுத்தேன். வரவில்லை. மிச்ச நூலைத் தடவினேன். ஒரு பக்கம் வழுக்கியது. எதிர்ப்பக்கம் உருவினால் தோட்டத்து லாலாங் புல்லைப் போல் விரலைக் கீறியது.

“நூல் பூரா சின்னச் சின்ன முள்ளு லா. சதையைப் புடிச்சுக்கும். சதை ஒட்டினப்புறம் தானா கரைஞ்சிடும்.”

“நல்ல கைலியைக் கெடுத்துட்டீங்களே,” என்று சொல்லிக்கொண்டே காலை மடக்கினேன். வலித்தது. ஆனால் தையல் பிரியவில்லை.

நான் நன்றி சொல்லவில்லை. அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. அதட்டினால் இன்னும் விறைத்துக்கொண்டு கிடக்கிற ஆள் நான். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.