நாலு லீற்றர் பிடிக்கும் எஞ்சின்

என் கணவர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாவட்டம் முழுக்க அடுத்தவர்களின் எல்லைத் தகராறுகளைத் தீர்த்துவைத்தவருக்குத் தன் சொந்த விடயத்தில் ஒரு முடிவு எடுக்க வராது. எங்கள் நாவற்குடா வீட்டின் முன்சுவருக்கு வர்ணம் தெரிவு செய்ய ஏழு மாதம் யோசித்தார். ஏழாவது மாதம் மாரி மழை தொடங்கிவிட்டது. சுவர் இன்றைக்கும் சீமெந்து நிறத்தில்தான் நிற்கிறது.

அப்படிப்பட்டவர் ஒரே பின்னேரத்தில் ஒரு கார் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். ஐம்பது வயதான ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டே இரண்டு இருக்கை, மடித்து வைக்கும் துணிக்கூரை. அதில் ஏறுவதென்றால் பாயில் உட்காருவது போல முதலில் குனிந்து, பிறகு காலை நீட்ட வேண்டும். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், சேலையோடு போகிறவள். ஒரு தடவை ஏறினேன். இறங்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

ஆனால் என் தங்கையின் மகளுக்கு அந்தக் காரைக் கண்டதும் பைத்தியம் பிடித்துவிட்டது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வந்து, "பெரியப்பா, நான் இந்தக் காரிலதான் சேர்ச்சுக்குப் போவன்" என்றாள்.

"ரெண்டு சீற்தான் மகள். நான் ஓடினா நீ மட்டும்தான் இரிக்கலாம்."

"நான் மட்டும்தானே கல்யாணப் பொம்பிள?"

அவர் மறுக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எஞ்சின் ஒயில் தவிர வேறு பேச்சில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மெக்கானிக் வந்தார். அவரை ஊரில் எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய ஒயிலை முழுக்க இறக்கிப் பார்த்தார். தார் போல இருந்தது. ஒயிலின் மட்டம் பார்க்கும் கம்பியை வெளியே இழுத்தபோது அது பாதியில் முறிந்து கையோடு வந்தது. "ஒட்டிக்கிட்டு நாளைக்குக் கொண்டு வாறன் சேர்" என்று மற்றத் துண்டையும் இடுக்கியால் இழுத்தெடுத்துப் பைக்குள் போட்டார்.

"புதுசு என்ன ஒயில் ஊத்திற பாஸ்?" என்று என் கணவர் கேட்டார்.

"கிழட்டு எஞ்சின் சேர். உள்ளுக்கு எல்லாம் தேஞ்சி போயிரிக்கி. தடிப்பான ஒயில் போடோணும். நாலு லீற்றர் பிடிக்கும்."

என் கணவர் தலையை ஆட்டினார். ஆனால் போடச் சொல்லவில்லை. மெல்பேணில் இருக்கும் அவருடைய அண்ணன் ஒரு கிழமையாகக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். முழுச் செயற்கை ஒயில்தான் போட வேண்டும், தண்ணீர் மாதிரி ஓடும், எஞ்சினுக்குப் புது உயிர் வரும், மற்றதெல்லாம் அந்தக் காலத்து மூளை என்பது அண்ணனின் கட்சி. கரடியனாற்றில் வயல் செய்யும் என் தம்பியோ, "அத்தான், என்ட உழவு மிசினுக்கு ஊத்திற ஒயில ஊத்துங்க. வயல் வட்டைக்குள்ள சேத்தில நிண்டு இழுக்குது, கல்லடிப் பாலத்தில ஓடாதா?" என்றான். மூன்று பக்கமும் நியாயம் இருப்பதாக என் கணவருக்குப் பட்டது. அதுதான் அவருடைய நோய்.

பின்னேரம் வரை காத்துப் பார்த்த பாஸ், ஒரு மட்டையில் 'ஒயில் இல்லை. ஸ்டாட் பண்ண வேண்டாம்' என்று எழுதி ஸ்டியரிங்கில் நூலால் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

பொழுதுபட்டும் அந்த மட்டை அப்படியே தொங்கியது. மனிதர் யோசித்து முடிப்பதற்குள் கல்யாணப் பெண்ணுக்குப் பிள்ளையே பிறந்துவிடும். சந்திக் கடையில் தடித்த ஒயில் ஒரு கேன் வாங்கி, பாடசாலைப் பையில் விடைத்தாள்களுக்கு அடியில் வைத்துக் கொண்டு வந்தேன். கல்யாணத்தன்று விடிய, அவர் குளிக்கப் போன நேரம், புனல் வைத்து நாலு லீற்றரையும் ஊற்றினேன். நான் ஊற்றியது தெரிந்தால் அவர் மனம் நோகும். அதனால் மட்டையை அவிழ்க்கவில்லை. மத்தியானம் ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு, பெண்ணை அலங்கரிக்கத் தங்கை வீட்டுக்குப் போனேன்.

அங்கே பூ வரப் பிந்தியது. தலை அலங்காரம் செய்ய வந்தவள் முடி சுருட்டும் கருவியால் பெண்ணின் நெற்றியைச் சுட்டுவிட்டாள். சொல்ல நினைத்தது மறந்தே போனது. இரண்டரை மணிக்கு வாசலில் ஹோர்ன் கேட்டது. எட்டிப் பார்த்தால் கார். கழுத்துப்பட்டி கட்டிய என் கணவர் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார். மட்டையைக் காணவில்லை. சரி, ஒயில் இருப்பதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குப் பெரிய நிம்மதி.

வெள்ளைச் சேலையையும் முக்காட்டு வலையையும் சுருட்டிப் பெண்ணை உள்ளே இறக்கினோம். நாங்கள் பின்னால் வான் வண்டியில் ஏறினோம்.

பிரதான வீதிக்கு ஏறும்வரை ஒன்றுமில்லை. பிறகு காருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு வந்தது. கோடு போர்வையானது. கல்லடிக்கு வரும்போது முன்னால் காரே இல்லை. ஒரு முகில் போய்க்கொண்டிருந்தது, அதற்குள் ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்டது.

வீதியோரச் சனம் நெருப்பென்று பயந்திருந்தால்கூட விளங்கியிருக்கும். அவர்கள் பயப்படவில்லை. அந்தக் கிழமை எங்கள் பக்கம் டெங்கு அதிகம், நுளம்புக்குப் புகை அடிக்கும் வண்டி என்று நினைத்தார்கள். ஆட்கள் யன்னல்களைச் சாத்தினார்கள். தேநீர்க் கடைக்காரர் வடைத்தட்டை மூடினார். சமிக்ஞை விளக்கில் முகில் நின்றபோது ஒரு பெண் தன் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.

"தம்பி! எங்கட வளவுக்க ஒருத்தரும் வந்து அடிக்கல்ல! உள்ளுக்கு ஒருக்கா விட்டுட்டுப் போங்க! பின்னால தண்ணி தேங்கி நிக்கிது!"

"அக்கா, இது கல்யாணக் கார்!" என்று முகிலுக்குள் இருந்து என் கணவரின் குரல் வந்தது.

"கல்யாணம் முடிச்சாவது வாங்க!"

வானுக்குள் என் தங்கை செபமாலையை எடுத்தாள். அவள் கணவர் யன்னலால் தலையை நீட்டி, "நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று கத்தினார். என் கணவர் நிறுத்தவில்லை. எஞ்சினை நிறுத்தினால் மறுபடி ஸ்டாட் ஆகாது என்று பயந்தாராம். பாலத்தில் காற்று வாவிப் பக்கமிருந்து அடித்தது. அப்போது மட்டும் காரைக் கண்டோம். பெண் வலையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று தங்கை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கிட்டப் போனபோதுதான் தெரிந்தது, அவள் சிரிக்கிறாள்.

தேவாலய வளவுக்குள் கார் நுழைந்து தானாகவே நின்றது. புகைக்குள் இருந்து பெண் மெதுவாக நடந்து வெளியே வந்தாள். படம் பிடிக்க வந்தவர் பரவசப்பட்டுப்போனார். "இந்தப் புகை மெசினை எங்க எடுத்தீங்க? திரும்பவும் ஒருக்கா விடச் சொல்லுங்க" என்றார்.

பூசை நடந்தபோது எனக்கு ஒரு சொல்லும் ஏறவில்லை. முடிந்ததும் காரடிக்கு ஓடினேன். பாஸும் விருந்தாளியாக வந்திருந்தார். பூப்போட்ட புதுச் சேட்டோடு நிலத்தில் படுத்துக் காருக்கு அடியில் தலையை விட்டிருந்தார். பலிபீடத்துப் பூக்களுக்குத் தண்ணீர் வைக்கும் சின்ன வாளி ஒன்றை இரவல் வாங்கி, எஞ்சினின் அடிமூடியைத் திறந்தார். வாளி நிரம்பியது. "இன்னொண்டு" என்றார். அதுவும் நிரம்பத் தொடங்கியது.

"இது எஞ்சினா, குழாய்க் கிணறா? எத்தின லீற்றர் சேர் ஊத்தினீங்க?"

"நாலுதான் பாஸ்" என்றார் என் கணவர். "அண்ணன் சொன்ன செயற்கை ஒயில். மத்தியானம் நானே யோசிச்சு, நானே முடிவெடுத்து ஊத்தினன்." சொல்லும்போது அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

நான் அவருடைய கையைப் பிடித்தேன். "இஞ்சேருங்க... விடியக்காலம நானும் நாலு ஊத்தின நான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். பின்னால் நின்ற என் தம்பி காலை மாற்றி மாற்றி வைத்தான்.

"என்ன கா, நீயும் ஊத்தினயா?" என்றான் என்னிடம். "நான் பத்து மணிபோல வந்தன். வீட்ட ஒருத்தரும் இல்ல. மட்டை தொங்கிச்சி. பாவம் அத்தான் எண்டு உழவு மிசின்ட ஒயில்ல கேன்ல மிச்சம் இரிந்தத ஊத்திட்டுப் போயிட்டன்."

"மட்டைய ஏன்டா அவிழ்க்கல்ல?" என்று நான் கேட்டேன்.

"அத்தான் ஏசுவார் எண்டு."

பாஸ் காருக்கு அடியில் இருந்தபடி பெருமூச்சு விட்டார். "நான் மட்டும்தான் ஊத்தல்ல" என்றார்.

காற்சட்டைப் பையில் இருந்து ஒட்டிய கம்பியை எடுத்தார். அதை எங்கள் வீட்டில் கொடுக்க மறந்து கல்யாணத்துக்கே கொண்டு வந்திருந்தார். எஞ்சினுக்குள் விட்டு விட்டுப் பார்த்து, மட்டம் சரியானதும் அடிமூடியை இறுக்கினார். உள்ளே மூன்று ஒயிலும் கலந்த ஏதோ ஒன்று நாலு லீற்றர் இருந்தது. "ஸ்டாட் அடிங்க சேர்" என்றார். கார் இரண்டு தரம் இருமியது, கொஞ்சம் புகைத்தது, பிறகு பூனை போல உறுமியது.

மண்டபத்துக்கும் அதில்தான் போவேன் என்று பெண் பிடிவாதம் பிடித்தாள். மாப்பிள்ளைக்கு கியர் போட்டு ஓடத் தெரியாது. கடைசியில் என் கணவர் ஓட்ட, பெண் பக்கத்தில் இருக்க, மாப்பிள்ளை கோட்டுச் சூட்டோடு பின்னால் மடித்த கூரையின் மேல் ஏறி, பூச்செண்டைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்தபடி வாவிக்கரையால் போனார். மெல்பேணுக்கு அந்தப் படம் போனதும் அண்ணன் உடனே குரல் செய்தி அனுப்பினார்: "பாத்தியா, நான் சொன்ன ஒயில் எப்பிடி ஓடுது?"

வாளிகளில் இருந்ததை என் தம்பி வேலிக்கட்டைகளுக்குப் பூச எடுத்துப் போனான், கறையான் வராதாம். தேவாலயத்துக்குப் புது வாளி இரண்டு வாங்கிக் கொடுத்தோம்.

என் கணவர் இரண்டு நாள் என்னோடு அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது, "நான் முடிவெடுத்தது இவ்வளவு காலத்தில அண்டைக்கு ஒருக்காத்தான்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளுக்குள் என்னவோ செய்தது. அவரால் முடியாதென்று நானே முடிவு கட்டிவிட்டிருந்தேன்.

அளவுக்கு மிஞ்சிய ஒயிலால் எஞ்சினில் ஒயில் கசியாமல் காக்கும் பின்பக்க சீல் போய்விட்டது. பாஸ் அதை மாற்ற ஒரு மாதம் எடுத்தார். மாற்றி முடித்துப் புது ஒயில் ஊற்றும் நாள் வந்ததும் என்னையும் தம்பியையும் கூப்பிட்டுக் காருக்கு முன்னால் நிறுத்திவிட்டு, "சேர், என்ன ஒயில்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. தம்பி வாயைத் திறந்து மூடினான். என் கணவர் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். எனக்கு அந்தச் சீமெந்துச் சுவர் ஞாபகம் வந்தது.

"தடிப்பானது" என்றார். "நானே ஊத்திறன். நீ புனலப் பிடி."

பிடித்தேன்.