மணிக்கட்டில் பார்த்த காய்ச்சல்

மூன்று வருடத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸ் முடிந்த மறுவாரம், அந்தமானில் ஒரு சின்னத் தீவில் நடந்தது இது. நானும் என் மனைவியும் ஊர்சுற்றப் போனது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். சூரியநெல்லியில் இருக்கிறவன் ஊர்சுற்ற வேறு எங்கே போவான்? ஊரெல்லாம் எங்கள் மலையைப் பார்க்கத்தானே வருகிறது என்பது என் கட்சி. கொச்சியில் வேலை பார்க்கும் மகள் விடவில்லை. "கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசம் ஆச்சு. அம்மா கடலப் பாத்தது வேளாங்கண்ணியில ஒரேயொரு தரம். கஞ்சத்தனம் பண்ணாம கூட்டிட்டுப் போங்கப்பா" என்று சண்டை போட்டு, டிக்கெட்டையும் அவளே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசர். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடத்தைப் பெரட்டுக்களம் என்போம். அங்கே தினமும் நாலு பேராவது "ஐயா, மேலுக்கு முடியல" என்று வந்து நிற்பார்கள். யாருக்கு நிஜமாகவே காய்ச்சல், யாருக்கு நாத்தனார் வீட்டு விசேஷம் என்று கண்டுபிடிப்பது என் பாடு. கையை நீட்டச் சொல்லி, மணிக்கட்டில் என் புறங்கையை வைப்பேன். அவ்வளவுதான். கக்கத்தில் வெங்காயத்தை வைத்து உடம்பைச் சுடவைத்துக்கொண்டு வந்தவர்களைக்கூடப் பிடித்திருக்கிறேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்த பேர் தெர்மாமீட்டர். அது காதில் விழும்போது எனக்குக் கோபம் வராது. உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன், அப்படி ஒரு கர்வம்!

என் மனைவியும் அந்தக் களத்தில் நின்றவள்தான். நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது என் பொறுப்பில் இருந்த தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் போய், கூலியாட்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து பெண் கட்டுவதா என்று எங்கள் வீட்டில் குதித்தார்கள். குதித்தால் குதிக்கட்டும் என்று மாதாகோயிலில் வைத்துத் தாலி கட்டினேன். அதையும் ஒரு பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த டிசம்பர் தொடக்கத்தில் நல்ல மழை. வீட்டுக்குப் பின்னால் ஓடை அடைத்துக்கொண்டு நாறியது. "இந்த ஞாயித்துக்கிழம சுத்தம் பண்ணிருதேன்" என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு விருந்தாளிகள் வருவார்களே என்று கடைசியில் அவளே வெறுங்காலோடு இறங்கிச் சகதியை வாரிப்போட்டாள். குதிகாலில் வெடிப்பு வேறு. நான் பார்த்துக்கொண்டேதான் டூட்டிக்குப் போனேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் அவள் சொன்னாள், கெண்டைக்கால் ரெண்டும் கடுக்கிறது என்று. மலை ஏறி இறங்குகிற கால் கடுக்காமல் என்ன செய்யும் என்றேன். விமானத்தில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். மேகத்தைக் காட்டக் கூப்பிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். பயந்தாங்கொள்ளி என்று சிரித்தேன்.

தீவுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில், பவளப்பாறை பார்க்கப் படகுக்குச் சொல்லிவைத்திருந்தேன். அவள் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. "ஏங்க, நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு மேலுக்கு முடியல, கொஞ்சம் படுத்துக்கிறேன்" என்றாள்.

"கைய நீட்டு" என்றேன்.

நீட்டினாள். மணிக்கட்டில் புறங்கையை வைத்தேன். வேர்த்து ஜில்லென்று இருந்தது. "காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. எந்திரி, கடல்காத்து பட்டா எல்லாம் சரியாப்போகும்" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இந்த மாதிரி எத்தன பேரப் பெரட்டுல பாத்திருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே சேர்த்தேன். அவள் எழுந்து, மகள் வாங்கிக்கொடுத்த புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். என் பயணம் கெட்டுவிடக் கூடாதென்று விடியற்காலையிலிருந்து காய்ச்சல் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கை வேர்த்திருந்தது மாத்திரையால்தான்.

கடற்கரையைப் பற்றி என்னத்தைச் சொல்ல! அப்படி ஒரு நீலத்தை நான் கண்டதில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன். மண்டையைப் பிளக்கிற வெயிலில் அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மணலில் குறுகி உட்கார்ந்திருந்தாள். சுற்றுலா வந்தவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானமே போனது. "எடுத்து வைடி அத, காட்டான் காட்டுக்குள்ளேயிருந்து வந்த மாதிரி" என்று பல்லைக் கடித்தேன். எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கண் சிவந்திருந்ததை உப்புக்காற்று என்று நினைத்தேன். சிரி என்று சொல்லி நாலு போட்டோ எடுத்தேன். சிரித்தாள்.

படகு ஏற எழுந்தவள் இரண்டு எட்டு வைத்தாள், மூன்றாவது எட்டில் தண்ணீரிலேயே மடங்கி விழுந்தாள். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். நான் தூக்குவதற்குள், பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். பாஷை தெரியாத பெண். உள்ளங்கையை என் மனைவியின் நெற்றியில் வைத்தவள் வெடுக்கென்று எடுத்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ கத்தினாள். என்ன சொன்னாளோ, திட்டுதான் என்பது எனக்கு விளங்கியது. அவள்தான் ஆட்டோ பிடித்து எங்களை ஏற்றி, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கூடவே வந்தாள்.

தீவின் சின்ன ஆஸ்பத்திரியில் நல்லகாலமாகத் தமிழ் பேசும் நர்ஸ் ஒருவர் இருந்தார். டாக்டர் கெண்டைக்காலை லேசாக அழுத்தினார். என் மனைவி அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. "எத்தனை நாளாக் காய்ச்சல்? சாக்கடைத் தண்ணி, சகதி எதுலயாவது எறங்கினாங்களா?" என்று நர்ஸ் கேட்டார். ஓடை ஞாபகம் வந்தது. அவள் இறங்கினதைச் சொன்னேன். எங்கள் பக்கம் எலிப்பனி என்று சொல்கிற எலிக்காய்ச்சலாக இருக்கும், சிறுநீரகத்தைத் தொட்டிருக்கலாம், மத்தியானப் படகில் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்றார் டாக்டர்.

ஊசி போட்டு, டிரிப் ஏற்றிப் படகுக்காகக் காத்திருந்தபோது அவள் உளற ஆரம்பித்தாள். குனிந்து கேட்டேன். "ஐயா, இன்னைக்கு ஒரு நா மட்டும் லயத்துலயே படுத்துக்கிறேன்யா. நாளைக்குச் சேத்துப் பறிச்சுத் தாரேன்யா."

நர்ஸ் பாவம், தெரியாமல் கேட்டார். "யாருகிட்ட இப்படி லீவு கேக்குறாங்க?"

கல்யாணத்துக்கு முன்னால் அவள் எப்போதோ என்னிடம் கேட்ட லீவு அது. கொடுத்தேனா, கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் காட்டுக்கு விரட்டினேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. எத்தனையோ பேரில் ஒருத்தியாக நின்றிருப்பாள்.

படகில் இரண்டு மணி நேரம் அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, கர்த்தரே, இவளை மட்டும் கொடுத்துவிடும் என்று கெஞ்சினேன். போர்ட் பிளேரில் இரண்டு முறை ரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். பதினோரு நாள் படுத்திருந்தாள். மகள் பறந்து வந்தாள். "அம்மா சொல்லலையாப்பா?" என்று கேட்டாள். சொன்னாள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பிழைத்துக்கொண்டாள், ஊர் வந்து சேர்ந்தோம். அந்த இளநீர்க்காரப் பெண்ணின் பேரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் பெரட்டில் நான் யார் கையையும் தொடுவதில்லை. முடியவில்லை என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். "ஐயாவுக்கு என்ன ஆச்சு?" என்று பெண்கள் சிரிக்கிறார்கள். ஏமாற்றுகிறவர்கள் ஏமாற்றிவிட்டுப் போகட்டும்.

என் வீட்டில்தான் எதையும் மாற்ற முடியவில்லை. போன மாதம் மகள் போனில் கேட்டாள், "அம்மாவுக்கு மூணு நாளாக் காய்ச்சலாமே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. உள்ளே ஓடினேன். போர்வைக்குள் சுருண்டிருந்தாள். நெற்றியில் உள்ளங்கையை வைக்கலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் தொடுவதற்கு முன்னாலேயே, கண்ணைத் திறக்காமல், போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினாள்.

சாதாரணக் காய்ச்சல்தான், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் அன்று என் முன்னால் நீண்ட அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேனே, அப்போதுதான் தெரிந்தது, இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியும் அவளை நான் பெரட்டுக்களத்திலேயே நிற்கவைத்திருக்கிறேன் என்று.