சுகுணா அக்கா போட்ட தாழ்ப்பாள்

சுகுணா அக்கா இறந்துபோன செய்தி அவருடைய கணக்கிலிருந்தே எனக்கு வந்தது. “அக்கா போய்ட்டாங்க. இன்னிக்குக் காலைல. மார்வலி. நான் லதா எழுதறேன்” என்று இருந்தது. லதா அவருடைய தங்கை. படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. யாரோ உள்ளே புகுந்துவிட்டான், அக்காவின் பெயரில் என்னை வெளியே இழுக்கப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைக்கக் கற்றுக்கொடுத்தவரும் அக்காதான். பெரிய செய்தி எது வந்தாலும், நம்புவதற்கு முன்னால் எங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். கேட்டேன். “கடைசியா உங்க வீட்டுக்கு வந்தப்போ இன்னா துன்னோம்?”

உடன்பிறந்தவரைப் பறிகொடுத்து உட்கார்ந்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது! லதா கோபித்துக்கொள்ளவில்லை. “களியும் புளிச்ச கீரையும். நீ ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கித் துன்ன” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

லதா தொகுக்கும் இந்த நினைவு மலரில் என் பெயர் இருக்காது. நான் இப்போது எந்த ஊரில் இருக்கிறேன் என்பதும் இருக்காது. சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள் நான். எங்கள் ஊர் கார்வேட்டிநகரம் பக்கம். நானும் என் கணவரும் அங்கிருந்து கிளம்பி வந்த நாள் முதல் என் அண்ணன் எங்களைத் தேடிக்கொண்டிருக்கிறான். கண்டுபிடித்தால் என்ன செய்வான் என்பதை ஊரில் நாலு பேர் முன்னால் அவனே சொல்லியிருக்கிறான். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புத்தூரில் லதாவோடு வசித்தார். திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் வேலை பார்த்தார். வகுப்பு எடுப்பார், பழுதும் பார்ப்பார். மையத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பயந்தாங்கொள்ளி’. பூட்டை இழுத்துப் பார்ப்பார், நாலடி போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருப்பார். எல்லாரும் கிண்டல் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். அவர் அலட்டிக்கொள்ளாமல், “பயம் தப்பில்லடி. பயந்தவதான் தாழ்ப்பா போட்டோமான்னு எழுந்து பாப்பா. தைரியசாலி தூங்கிக்கினே இருப்பா” என்பார்.

நான் அந்த மையத்தில் அலுவலக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எல்லாரும் சேர்ந்து செல்ஃபி எடுத்தார்கள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல நடித்தேன். மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை. மதியம் சாப்பிடும்போது அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடியே, “யாரு தேடறாங்க?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். “சரி, ஒண்ணுமில்ல. துன்னு” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் நானாகவே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துப் படம் எடுத்தேன். மனிதர்கள் யாரும் இல்லாத படம்தானே என்று, செம்பருத்திப் பூவை முகமாக வைத்துப் புனைபெயரில் நடத்திவந்த என் கணக்கில் போட்டேன். பின்னால் மையத்தின் பெயர்ப்பலகை தெரிந்தது. அதற்கு முன்பு என் புது எண்ணிலிருந்து அம்மாவுக்கு ஒரே ஒருமுறை பேசியிருந்தேன். பெற்றவளோடு பேசாமல் எப்படி இருப்பது! அம்மா அந்த எண்ணை ஆசையாகப் பதிந்து வைத்துக்கொண்டார். அந்தப் பாழாய்ப்போன ஆப், அம்மாவின் போனிலிருந்த எண்களையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய், ‘இவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று என் செம்பருத்தியை அங்கே கொண்டுபோய்க் காட்டியது. அம்மாவின் போனை நோண்டுகிறவன் என் அண்ணன்.

வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். வாசலில் ஒருவன் வாட்ச்மேனிடம் போனைக் காட்டி ஏதோ விசாரிப்பதை அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். நேராக என்னிடம் வந்தார். “பையை எடு. ஓடாத, நட” என்றார். ஜெராக்ஸ் அறையின் பின்கதவு வழியாக என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் புத்தூர் பஸ் ஏறினார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. “சேந்து உக்காந்தா பாக்கறவனுக்கு ஞாபகம் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டுக்குப் போனார். வழி நெடுக என் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவர் கையின் வளையல்கள் நடுங்கிச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. என்னைவிட அவர்தான் அதிகம் பயந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பயந்துகொண்டேதான் அவ்வளவையும் செய்தார்.

நானும் என் கணவரும் அவர் வீட்டில் ஒளிந்திருந்த நாட்களில்தான், எங்களுக்கென்று அக்கா அமைத்த தனி இணையத் தளமான ‘பின்கட்டு’ உருவானது. ஃபிரிட்ஜின் மேல் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதில்தான் நாங்கள் எழுதுவதும் பேசுவதும். எங்களைப்போல ஒளிய வேண்டியிருந்த சில பெண்கள், அவர்களுக்கு வேண்டியவர்கள், அவ்வளவுதான் கூட்டம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா விளக்கினார். “பெரிய ஆப்னா, ஊரே ஒரு மாளிகைல குடியிருக்கற மாரி. எல்லா ரூம் சாவியும் மாளிகைக்காரன் கைல. யாரு யாருக்கு இன்னா உறவுன்னு அவன் கணக்கு போட்டுக்கினே இருப்பான். இது சின்னச் சின்ன வீடு. வேணும்னா ஒரு வீட்லேர்ந்து இன்னொரு வீட்டுக்குப் பேசலாம். நம்ம வீட்டுச் சாவி நம்ம கைல.”

புதிதாக யார் வந்தாலும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவார். “இந்தப் பொட்டி என் வீட்ல கீது. நான் நெனச்சா நீ எழுதறத படிக்கலாம். படிக்க மாட்டேன். ஆனா படிக்க முடியும்னு தெரிஞ்சி வா.” எந்தக் கம்பெனிக்காரன் இப்படி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான்?

கரண்ட் போனால் பின்கட்டும் போகும். மழைக்காலத்தில் பாதி நாள் திறக்காது. “இதுல யாருமே இல்லியேக்கா, போர் அடிக்குது” என்று நான் சலித்துக்கொள்வேன். “யாரும் இல்லாததுதான்டி வசதி” என்று சிரிப்பார். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அந்தப் பெட்டிக்கும் பொட்டு வைப்பார். படம் மட்டும் எடுக்க விடமாட்டார்.

அவருடைய ஒரு கண்டிப்பு எனக்கு முதலில் அதிகப்படியாகத் தெரிந்தது. பின்கட்டில் யாருக்கும் சொந்தப் பெயரோ முகமோ கூடாது. ஒளிய அவசியமே இல்லாத லதாவுக்கும் கூடாது. “நான் எதுக்குக்கா ஒளியணும்?” என்று லதா சண்டைக்கு வந்தாள். “ஒளிய வேண்டியவ மட்டும் ஒளிஞ்சா, இவதான் ஒளிஞ்சிக்கினு கீறான்னு காட்டிக் கொடுத்துடும். எல்லாரும் கூட நிக்கணும். அப்பதான் அவ கூட்டத்துல ஒருத்தி” என்றார் அக்கா. லதா முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

பிறகு நானும் என் கணவரும் வேறு ஊருக்குப் போனோம். அங்கே வேலை கிடைக்க மையத்தின் மேனேஜர் ரமணய்யாதான் சொல்லி உதவினார். நல்ல மனிதர். அந்த நல்ல மனிதர்தான் அக்கா இறந்த அன்று என் உயிரை உலுக்கிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் ஃபிளெக்ஸ் வைக்காமல் இருக்க மாட்டார்கள். இறந்தவர் படம் பெரிதாக, அதற்குக் கீழே வருந்துகிறவர்களின் படங்கள் வரிசையாக, பெயரும் ஊரும் வேலையும் போட்டு. பெயர் விட்டுப்போனால் அது பெரிய மனத்தாங்கல். ரமணய்யா பழைய ஊழியர்களையும் மறக்கவில்லை. என் பழைய அடையாள அட்டைப் படத்தைத் தேடி எடுத்து, என் பெயர், இப்போதைய ஊர், வேலை செய்யும் இடம் எல்லாம் சேர்த்து, பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று அந்த மாதிரியை எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். ஆளாளுக்கு அதை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள். பின்கட்டில் லதா அதை எனக்குக் காட்டினாள். அக்கா போய் அரை நாள்கூட ஆகவில்லை. அவருக்காக அழ வேண்டிய நேரத்தில் எழுந்து ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்தேன்.

ரமணய்யாவுக்குப் போன் செய்தேன். அவர் தெலுங்கு கலந்துதான் பேசுவார். “சார், என் பேர எடுத்துடுங்க சார். ஸ்டேட்டஸ்லேர்ந்தும் எடுக்கச் சொல்லுங்க.”

“ஏமம்மா இது? அக்கா உனக்கு எவ்ளோ செஞ்சாங்க! உன் பேரு இல்லன்னா ஆபீஸ்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க கதா?”

“பேசட்டும் சார். எங்க அண்ணன் பாத்தா நான் இருக்க மாட்டேன் சார்.”

“ஐயோ, எனக்கு தோணவே இல்லம்மா” என்றார். “உன் பேரு மட்டும் எடுத்துடறேன்.”

போனை வைத்ததும் லதாவுக்கு எழுதினேன். அவள் அந்தத் துக்கத்திலும் எழுந்துபோய் ரமணய்யாவைப் பிடித்தாள். பிறகு அவர் என்னிடம் அழுதுகொண்டே சொன்னது இது. “ஒரு பேர மட்டும் எடுத்தா, இருந்தது யாருன்னு ஊரே தேடும் சார்” என்றாளாம் லதா. “எல்லாத்தையும் எடுங்க. என் பேரையும் எடுங்க.” கூடப்பிறந்தவளின் பெயர் இல்லாத ஃபிளெக்ஸா என்று சொந்தக்காரர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். அவள் அசையவில்லை. ரமணய்யாவும் ஸ்டேட்டஸ் வைத்த ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கெஞ்சி எடுக்க வைத்தார். ஆனால் அதற்குள் அது எத்தனை கண்ணில் பட்டதோ!

காரியத்துக்காவது போய்விட வேண்டும் என்று பஸ் ஏறினேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். புத்தூரில் பஸ் நின்றது. “திகண்டம்மா, திகண்டி” என்று கண்டக்டர் இறங்கச் சொன்னார். நான் எழவில்லை, எழ முடியவில்லை. எதிரே சுவரோரம் அக்காவின் ஃபிளெக்ஸ். அதன் முன்னால் என் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

யாரோ அரைகுறையாகப் பார்த்துவிட்டு, உன் தங்கை பெயர் புத்தூர் ஃபிளெக்ஸில் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். எந்த ஊர், என்ன வேலை என்று படித்துக்கொள்ள வந்திருக்கிறான். குனிந்து, பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தேடினான். வெறும் வெள்ளை. மறுபடியும் தேடினான். பக்கத்தில் பூக்கடைக்காரரிடம் எதையோ கேட்டான். அவர் உதட்டைப் பிதுக்கினார். நான் அடுத்த ஊரான நகரிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டேன். வளையல் சத்தம் கேட்டது. பார்த்தால் கம்பியைப் பிடித்திருந்த என் கைதான்.

பஸ் கிளம்பியது. அவன் இன்னும் அங்கேயே நின்றான். அவன் தலைக்கு மேலே நீங்கள்தான் இருந்தீர்கள் அக்கா, எப்போதும்போலக் கொஞ்சம் மிரண்ட கண்ணோடு. உங்கள் காரியத்துக்கு வந்தும் இறங்க முடியாமல் போனேன். உங்கள் கையால் துன்ன வீட்டில் ஒரு வாய்ச் சோறு துன்ன முடியவில்லை. ஃபிரிட்ஜின் மேலிருக்கும் பெட்டியை லதா பார்த்துக்கொள்கிறாள். போய் வாருங்கள். இனி நீங்கள் எழுந்து பார்க்க வேண்டாம் அக்கா, தாழ்ப்பாள் போட்டுத்தான் இருக்கிறது.