விளையாட்டுக்காகத் திருப்பிய ஸ்க்ரூ

எண்பதுகளின் பாதியில், துபாயிலிருந்து லீவில் வந்த அண்ணன் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். ஒரு நோட்டுப் புத்தகம் அளவுக்கு விசைப்பலகை, அவ்வளவுதான். அதை டிவியில் மாட்ட வேண்டும். "இதப் படிச்சு நல்ல ஆபீஸ் வேலைக்குப் போயிரு" என்றார். நான் படித்ததெல்லாம் விளையாட்டுதான்.

தாராவியில் எங்கள் வீடு மாடியில், எங்கள் தோல்பைப் பட்டறை கீழே. தையல் மெஷின்கள் ஓடினால் கரண்ட் ஏறி இறங்கும், ஆட்டம் பாதியில் அணைந்துவிடும். வெள்ளிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. ஜும்மா தொழுதுவிட்டு வந்தால் எனக்கு ஆட்டம். அதற்கு முன் வேலை இருந்தது. விசைகளுக்கிடையே படிந்த தோல் தூசியை பிரஷ்ஷால் தட்டுவேன். சூடேறும் அடாப்டரைப் பீங்கான் தட்டின் மேல் வைப்பேன். டேப் ரிக்கார்டரில் டேப்பை உரசிப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைப்பேன். அப்போது விளையாட்டெல்லாம் கேசட்டில்தான். டேப் ஐந்து நிமிஷம் கீச்சென்று கத்தும், அந்தச் சத்தம்தான் கம்ப்யூட்டருக்குள் போய் விளையாட்டாக ஏறும். கடைசி நொடியில் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து.

பக்கத்தில் மாட்டுங்காவில் இருந்த சிநேகிதன் ஒருவன் ஒரு கார் பந்தயத்தைக் காப்பி எடுத்துக் கொடுத்தான். நான்கு வெள்ளிக்கிழமை முயன்றும் ஏறவில்லை. அவனிடம் போய்ச் சண்டை போட்டேன். "ஹெட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும் பாரு. சத்தம் கூர்மையாகற வரைக்கும் திருப்பு, ஏறிடும்" என்றான். கால் சுற்று திருப்பினேன். ஏறியது. அன்று மாலை வரை டிவியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்த டேப் ரிக்கார்டரில்தான் மைனி அண்ணனின் கடிதங்களைக் கேட்பார். அண்ணன் மனைவியான அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. அண்ணன் ஒரு கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யார் கையிலாவது கொடுத்தனுப்புவார். மறுபக்கத்தில் மைனி பேசி, போகிறவர் கையில் கொடுப்பார். ஒரே கேசட் போய்ப் போய் வரும். பழைய பேச்சின் மேலேயே புதுப் பேச்சு.

அடுத்த முறை கேசட் வந்தது. போட்டுக் கேட்ட மைனியின் முகம் மாறிவிட்டது. அண்ணன் குரல் வாயில் துணியை வைத்துப் பேசுவது மாதிரி அமுங்கிக் கிடந்தது.

"அவுஹளுக்கு ஒடம்புக்கு என்னமோ செய்யுது தம்பி. நம்மகிட்ட மறைக்காஹ."

ஒரு பாட்டுக் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். பாட்டும் அமுங்கித்தான் இருந்தது. ஸ்க்ரூதான் காரணம்: சிநேகிதனின் காப்பிக்கு ஒத்துப்போக ஹெட் கோணலாகியிருந்தது. திருப்பி வைத்தால் கார் பந்தயம் போய்விடும். "டேப் பழசாயிட்டு மைனி" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது.

அவர் அதை நம்பவில்லை. நோன்பு நேர்ந்துகொண்டார். அதே ரிக்கார்டரில் உட்கார்ந்து, அழுகையை அடக்கி, பதில் பேசி அனுப்பினார். கோணலான ஹெட்டில் பதிவதும் கோணலாகத்தான் பதியும், வேறு ரிக்கார்டரில் போட்டால் அமுங்கித்தான் கேட்கும் என்பது அரைகுறை மெக்கானிக்கான எனக்குக் கொஞ்சமும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தெருமுனைத் துணிக்கடைக்கு போன் வந்தது. மைனியோடு நானும் ஓடினேன். அண்ணன் கத்தியது வெளியே நின்ற எனக்கே கேட்டது.

"ஒனக்கு என்ன செய்யுது? குரலே எந்திரிக்கலியே!"

"எனக்கு என்ன? ஒங்களுக்குத்தான் என்னமோ!"

"லீவு கேட்டுட்டேன். தரலேன்னா வேலைய உட்டுட்டு வாரேன்."

அந்த வேலைச் சம்பளத்தில்தான் பாதிப் பட்டறை நின்றது. உள்ளே ஓடி, மைனி கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணன் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மைனி திட்டவில்லை. வீட்டுக்கு நடக்கையில் ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் நோன்பு பிடிச்சத பாத்துக்கிட்டேதான வெளையாண்டிய?"



மறுபடி கேசட் வந்த அன்று ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தேன். மைனி ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டார். நான் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன்.

"இல்ல... இன்னும்... கூடிப்போச்சு, திரும்ப வாங்க... நிப்பாட்டுங்க. இதுதான் அவுஹ."

குரல் தெளிந்ததும் முதலில் கேட்ட வார்த்தைகள், "அந்தப் பய இன்னும் டேப்ப நோண்டுதானா?"

மைனி சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு உள்ளே போய் நகப்பூச்சுக் குப்பியை எடுத்துவந்து, ஸ்க்ரூ இனி அசையாமலிருக்க அதன் தலையில் ஒரு சொட்டு சிவப்பு வைத்து, காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கார் பந்தயம் இனி அதில் ஏறாது. நானும் ஏற்றிப் பார்க்கவில்லை.