நீல விளக்கில் வந்தவன்

பேய் என்று யாராவது வாயைத் திறந்தாலே கிண்டலடிக்கிற ஆள் நான். அதனால் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்தது நடந்ததுதான். நான் பார்த்தேன். என் அம்மாவும் பார்த்தாள். விளக்குக்காரன் ஃபிலமோனைக் கேட்டுப் பாருங்கள், அன்றோடு அவன் அந்தச் சாலைப் பக்கமே வருவதில்லை.

என் பெயர் நெரெய்தா. மெக்சிகோவில், ஹலாபா ஊரில், சுவரில் படம் வரைவது என் பிழைப்பு. எங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மேட்டுத் தெருவைத் தாங்கிக்கொண்டு ஒரு பெரிய சுவர் நிற்கிறது. பிள்ளைகளைத் தொலைத்த அம்மாக்கள் சேர்ந்து, நடையாய் நடந்து அந்தச் சுவரைக் கேட்டு வாங்கினார்கள். பிள்ளைகளின் முகங்களை அதில் வரையச் சொன்னார்கள். இன்னும் தேடப்படுகிறவர்கள் நீலக் கோட்டில். பிணமாகக் கிடைத்தவர்கள் சிவப்புக் கோட்டில். பகலில் பார்த்தால் ஒரே கிறுக்கலாக இருக்கும். இருட்டியதும் சிவப்பு விளக்கைப் போட்டால் சிவப்புக் கோடெல்லாம் சுவரோடு கரைந்துபோகும், நீலம் மட்டும் கறுப்பாக எழுந்து நிற்கும். நீல விளக்கைப் போட்டால் நேர்மாறு. ஒரு பிள்ளையின் உடல் கிடைத்துவிட்டால் அவனை நீலத்திலிருந்து சிவப்புக்கு மாற்றுவோம். அந்த முதல் சிவப்புக் கோட்டைப் பெற்றவள்தான் இழுக்க வேண்டும். வேறு யார் கையும் படக்கூடாது. இது அம்மாக்கள் வைத்த சட்டம்.

என் தம்பி எலியேசரும் அந்தச் சுவரில் இருந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் காப்பிக் கிடங்கு வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போனவன். வண்டி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. அவன் உயிரோடு இல்லை என்று நான் எப்போதோ மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். அம்மா கேட்கவில்லை. தினமும் ராத்திரி அவனுக்கு ஒரு தட்டில் சாப்பாடு போட்டு மூடி வைப்பாள். அந்தத் தட்டைப் பார்த்தாலே எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். அவளுக்காகத்தான் அவனை நீலத்தில் வரைந்தேன்.

"மூக்கைக் கொஞ்சம் கோணலாப் போடுடி. அவன் மூக்கு என்னைக்கு நேரா இருந்துச்சு?" கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அதட்டினாள்.

"இதுக்கு மேல கோணினா, அவன் வந்து என்னைத்தான் உதைப்பான்."

அம்மா சிரித்தாள். வெகுநாளுக்குப் பிறகு.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் விளக்கு ஒத்திகை. நவம்பர் மாதம், சீக்கிரமே இருட்டிவிட்டது. எங்கள் ஊர்ச் சாரல் நின்றபாடில்லை. ஃபிலமோன் சாலைக்கு அந்தப் பக்கம் வேனுக்குள் சுவிட்சுகளோடு உட்கார்ந்திருந்தான். நானும் அம்மாவும் சுவரடியில் நின்றோம்.

மணி ஏழு நாற்பது.

டக். சிவப்பு.

எலியேசர் இருந்தான். கோணல் மூக்கோடு. அம்மா விரல்களை முத்தமிட்டு அவனை நோக்கி நீட்டினாள்.

டக். நீலம்.

அவன் இடம் வெறுமையாக இருக்க வேண்டும். அங்கே நான் ஒரு பொட்டுச் சிவப்புகூட வைத்ததில்லை.

ஆனால் ஒரு மூக்கு தெரிந்தது. கோணல் மூக்கு.

"ஃபிலமோன்! லைட்டுல ஏதாவது கலந்து வருதாடா?"

"சுத்த நீலம்தான் அக்கா. உன் கைதான் எங்கயோ தடுமாறியிருக்கு."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சர்ர்ர்... சர்ர்ர்... ஈரச் சுவரில் தூரிகை இழுபடும் சத்தம். அதை நான் கேட்காத நாளில்லை. சுவரில் யாரும் இல்லை.

மூக்குக்குக் கீழே தாடி வந்தது. நெஞ்சு வரைக்கும் இறங்கியது. என் தம்பி தாடியே வைத்ததில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கடைசியாகக் கண்கள் வந்தன... மூடியிருந்தன.

"சிவப்பைப் போடு!" அம்மா அலறினாள். "டேய், சிவப்பைப் போடுடா!"

டக்.

சிவப்பில் எலியேசர் இல்லை. வெறும் சுவர்.

நீலச் சாயத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். நெற்றியை இழுத்தேன். காணவில்லை. மறுபடி இழுத்தேன். சுவர் அதைக் குடித்துக்கொண்டே இருந்தது.

"விடாதடி! இழுடி! அவனை விட்டுடாதடி!"

இழுத்தேன். மூன்று வருடமாகச் செத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்த நான், போகாதேடா, போகாதேடா என்று சுவரைப் பார்த்துக் கெஞ்சினேன்.

மறைந்தது.

மறுபடி...

மறைந்தது.

கையை ஊன்றினேன். ஈரம்.

எல்லா விளக்கும் அணைந்தது. கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன், விரலெல்லாம் சிவப்பு.

விழாவின்போது அவன் இடத்தைத் துணியால் மூடினோம். இரண்டு வாரம் கழித்துப் பிணவறையிலிருந்து கூப்பிட்டார்கள். பக்கத்து மாநிலத்தில், கரும்புக் காட்டு ஓரம் ஓர் உடல். கைரேகையை வைத்து அடையாளம் கண்டிருந்தார்கள். நெஞ்சு வரைக்கும் தாடி.

"மூணு வருஷத்துக்கு முன்னாடியே செத்துட்டானா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "இல்லம்மா. பதினெட்டாம் தேதி விடிகாலைல எடுத்தோம். முந்தின நாள் இருட்டுற வரைக்கும் பையன் உயிரோடதான் இருந்திருக்கான்."

பதினேழாம் தேதி மாலைதான் எங்கள் ஒத்திகை.

அன்று ராத்திரி அம்மா தட்டு வைக்கவில்லை. நான் வைத்தேன்.

அடக்கம் முடிந்து சுவருக்குப் போனோம். துணியை விலக்கினோம். பட்டப்பகல். மற்ற அம்மாக்கள் சிவப்பில் நனைத்த தூரிகையை அம்மாவிடம் நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. தாடியும் மூடிய கண்களுமாக இருந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் கோட்டை யாருடி இழுத்தது?"

அம்மா மெதுவாகக் கையை நீட்டி, அவன் மூக்கைத் தொட்டாள். பிறகு விரலை என்னிடம் காட்டினாள்.

அது இன்னும் காயவில்லை.