அருவி பார்க்க வந்தவர்கள்

கத்தரீனாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாலே எனக்கு வயிறு எரியும். யார்மேல் என்று கேட்டால், முதல் ஆளாக என்மேல்தான்.

அவள் குருநகரில் பிறந்து, எங்கள் கிழக்குக் கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் சூசைதாசன் என்னோடு கரைவலை இழுத்தவன். புருஷனும் பெண்சாதியுமாகத்தான் வீட்டு வளவில் கிணறு வெட்டினார்கள். அவன் கீழே நின்று மண்ணைக் கடகத்தில் நிரப்ப, அவள் மேலே நின்று கயிற்றில் இழுத்தாள். கடல் முருகைக்கல்லால் உள்சுவர் கட்டி முடித்த வருஷமே அவன் காய்ச்சலில் போய்விட்டான். ஊரில் மற்ற எல்லாக் கிணறும் உப்புக் கரிக்கும் சவர். அவளுடையது மட்டும் வாயில் வைத்தால் இளநீர்தான். இருபத்திரண்டு வீட்டுக் குடங்களும் அங்கேதான் நிரம்பின. "கயித்தை அறுத்துப்போட்டுப் போகாதையுங்கோ, மூதேசியள்!" என்று கத்துவாள். ஆனால் ஒருநாளாவது வேலிப் படலையைச் சாத்தியவளில்லை.

எங்கள் ஊர் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிறது. மார்கழி மழையில் களப்பு நிரம்பினால், குறுக்கே கிடக்கும் மணல்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவோம். ஒரு முழ அகலத்துக்குக் கீறினால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் திட்டு உடைந்து, ஆள் உயரத்துக்கு இரைந்து விழும். ஆனால் முதலில் கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி தன் குதிக்காலால் மணலில் கோடு இழுக்க வேண்டும். அதற்குமுன் ஒருவரும் மண்வெட்டி வைக்கக்கூடாது. பெண்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ!

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, மலைநாட்டுக் குளங்களையும் அருவிகளையும் பார்க்கப் போகப் பட்டணத்துச் சனத்துக்குப் பயம். வருஷா வருஷம் அங்கே ஆள் கூட்டிக்கொண்டு போகும் நல்லூர் டியூட்டரி மாஸ்டர் பஞ்சலிங்கம், அந்த மார்கழியில் எங்கள் களப்பின் பறவைச் சரணாலயத்துக்குத் திரும்பினார்.

"அருவியும் இருக்கு, மாஸ்டர்! ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, உங்கடை கண்ணுக்கு முன்னாலை திறந்து காட்டுறன்" என்று யாகப்புச் சம்மாட்டி வாய் கூசாமல் சொல்லிவிட்டார்.

புதன்கிழமையே களப்பு நிறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கத்தரீனா சம்மாட்டி வாசலில் போய் நின்றாள்.

"சம்மாட்டியார், தண்ணி என்ரை வேலிக்கு வந்திட்டுது. இண்டைக்கே வெட்டச் சொல்லுங்கோ. கிணத்துக்கை இறங்கினால் அவ்வளவுதான்."

"இரண்டு நாள் பொறு பிள்ளை. பெரிய மனிசர் வருகினம்."

"அவையள் வேடிக்கை பாக்கிறதுக்கு நாங்கள் சவர் குடிக்கிறதோ?"

"பொம்பிளையளுக்கு உதிலை என்ன கதை? போ!"

சனிக்கிழமை காலை தண்ணீர் அவள் முற்றத்தில் நின்றது. கிணற்றுக்கட்டு மூழ்க ஒரு சாண்தான் மிச்சம். நாங்கள் பதினாலு ஆம்பிளைகள் மணல்திட்டில் மண்வெட்டியும் கையுமாக நின்றோம். நின்றோம், அவ்வளவுதான். சம்மாட்டியின் குதிக்கால் வரட்டும் என்று! என் பிள்ளைகள் மூன்றும் அவள் கிணற்றைக் குடித்து வளர்ந்தவை. நானும் நின்றேன். இப்போது நினைத்தாலும் செவிட்டைப் பொத்தி எனக்கு நானே ஒன்று விட வேண்டும்போல் இருக்கிறது.

கத்தரீனா சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தாள். நேரே வந்து என் கையிலிருந்த மண்வெட்டியைப் பறித்தாள்.

"பிள்ளை, சம்மாட்டியார் இன்னும் கோடு..." என்றேன்.

"அந்தக் கோட்டை உங்கடை நெத்தியிலை இழுங்கோ, சந்தியோகண்ணை!"

வெட்டினாள். ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் உதவவுமில்லை. மத்தியானம் திட்டு உடைந்து, களப்பு கடலுக்குள் இரைந்து விழுந்தது. பின்னேரம் அவள் முற்றத்தில் மணல் தெரிந்தது. கிணறு தப்பிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரின் ஆட்களோடு வான் வண்டி வந்து நின்றது. களப்பில் சேறும் நாலு கொக்கும்தான்.

"அருவி எங்கை, சம்மாட்டியார்?" என்று மாஸ்டர் சிரித்தார்.

சம்மாட்டியின் முகம் செத்துவிட்டது. "உவள் செய்த வேலை!" என்று கத்திக்கொண்டு, வந்தவர்களையும் இழுத்துக்கொண்டு கத்தரீனாவின் படலைக்கு நடந்தார். பின்னால் நாங்களும் போனோம்.

அவள் சண்டைக்கு வரவில்லை. கிணற்றில் ஒரு செம்பு அள்ளிக்கொண்டு வந்தாள்.

"முதல் நீங்கள் குடியுங்கோ, சம்மாட்டியார். எதுக்கும் முதல் ஆள் நீங்கள்தானே."

ஒரு மிடறு எடுத்தார். வெளியாட்கள் முன்னால் துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் கன்னத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றார். முருகைக்கல் இடுக்கெல்லாம் களப்பு ஊறி இறங்கி, கிணறு சவராகிப் போயிருக்கிறது.

பிறகு செம்பை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களும் குடியுங்கோ, அண்ணை. சம்மாட்டியாரின்ரை கூட்டாளியல்லோ. மண்வெட்டியோடை நிண்டனீங்கள்தானே."

வாங்கி, மிச்சம் முழுவதையும் குடித்தேன்.